மண்ணுக்குச் சோறு போடுவோம்

(தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர், மாணவர் முன்னிலையில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் சிறப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு இட்ட தலைப்போ 'இயற்கை உணவும் இயற்கை உழவும்'. "பரிசு வாங்க வந்த பிள்ளைங்ககிட்ட எருவைப் பத்தியா பேசுறது?" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். திருவள்ளுவர் உழவுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது 104ஆவது அதிகாரம். அதிலே எருவையும் மறக்காமல் சேர்த்து வைத்தார். வள்ளுவருக்கு இழுக்கில்லாத பேச்சு நமக்கும் இழுக்கில்லை.

இயற்கை உழவு என்றால் என்ன?

"உரம் போடாம, மருந்து அடிக்காம விளைய வைக்கிறது" என்று பலரும் சொல்வார்கள். அது பாதிப் பதில். உரமும் போடாமல், ஒரு வேலையும் செய்யாமல் நிலத்தைச் சும்மா விட்டால் அங்கே விளைவது லாலான் புல்தான், கீரை அன்று.

மீதிப் பாதி இதுதான். கடையில் வாங்கும் யூரியா செடிக்கு நேரே சோறு ஊட்டுகிறது. இயற்கை உழவு மண்ணுக்குச் சோறு போடுகிறது; மண் செடிக்கு ஊட்டுகிறது. மண் என்பது வெறும் தூசி அன்று. ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணிலே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றுக்கு மேலே மண்புழு, பூஞ்சணம், சிறு வண்டுகள். விழுந்த இலையையும் சாணத்தையும் இவை தின்று, செரித்து, வேர் குடிக்கக்கூடிய சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. இந்தச் சமையற்காரர்களைப் பட்டினி போடாமல் காப்பாற்றுவதே இயற்கை உழவு.

அதற்கு நான்கு வேலைகள் உண்டு. மண்ணுக்கு எரு கொடுக்க வேண்டும். மண்ணை வெயிலிலும் மழையிலும் மொட்டையாகப் போடாமல் இலை தழையால் மூடி வைக்க வேண்டும். ஒரே பாத்தியில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப நடாமல் மாற்றி நட வேண்டும். பூச்சியைத் தின்னும் பூச்சிகளையும் பறவைகளையும் வாழவிட வேண்டும். இந்த நான்கும் இருந்தால்தான் செயற்கை உரத்தையும் மருந்தையும் விட முடியும்.

இது நேற்று வந்ததன்று

ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1905ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். உழவர்களுக்குப் பாடம் சொல்ல வந்தவர், உழவர்களிடமே பாடம் கேட்கத் தொடங்கினார். 1924 முதல் 1931 வரை மத்திய இந்தியாவில் இந்தூர் என்ற ஊரில் ஆராய்ச்சி நடத்தி, செடி கொடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கி மக்க வைக்கும் ஒரு முறையைச் சீராக வகுத்தார். ஊர்ப் பெயராலேயே அது 'இந்தூர் முறை' எனப்படுகிறது. 1940இல் அவர் எழுதிய நூல் மேல்நாடுகளில் இயற்கை உழவுக்கு அடிப்படை நூல்களில் ஒன்றானது. மண்ணின் நலமும் செடியின் நலமும் கால்நடையின் நலமும் மனிதனின் நலமும் பிரிக்க முடியாத ஒரே நலம் என்பது அவர் கண்ட முடிவு.

தமிழ்நாட்டிலே நம்மாழ்வார் ஐயா, 1938இல் பிறந்து 2013இல் மறைந்தவர், இதே கருத்தை ஊர் ஊராக நடந்து போய் உழவர்களிடம் சொன்னார். நம் நாட்டிலே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இயற்கை உழவைப் பற்றித் தமிழிலும் மக்களுக்கு எடுத்துச் சொல்லி வந்திருக்கிறது.

நம் தோட்டத்து மக்களுக்கு இதெல்லாம் புதிதா? லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை, ஒரு குப்பைமேடு, ஒரு முருங்கை, நாலு வெண்டைச் செடி இல்லாத வீடு எது? 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்திலே அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நம் பெரியவர்கள் மரவள்ளிக்கிழங்கை நட்டு உயிர் பிழைத்த கதையைக் கேட்காத குடும்பம் உண்டா? அப்போது அதற்கு 'ஓர்கானிக்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனோம்; மாடும் போயிற்று, குப்பைமேடும் போயிற்று. இப்போது அதே கீரையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பல வெள்ளி விலை போட்டுக் குளிர்சாதனக் கடையில் விற்கிறார்கள்.

நஞ்சு முதலில் யாரைத் தொடுகிறது?

பெரியோர்களே, இயற்கை உணவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சாப்பிடுகிறவனின் உடம்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கீரையிலே மருந்து ஒட்டியிருக்குமே, பழத்திலே மருந்து ஒட்டியிருக்குமே என்று கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த மருந்து தட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒருவரின் கையில் பட்டது, முதுகில் வழிந்தது, மூச்சில் போனது. அந்த ஒருவர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியும்.

காலைப் பெரட்டு முடிந்ததும் நிரம்பிய மருந்துப் பம்பை முதுகில் சுமந்துகொண்டு நிரை நிரையாக நடந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இங்கே அமர்ந்திருக்கும் பாட்டிமார்களில் அந்த வேலை செய்தவர்கள் இருப்பீர்கள். நகம் கறுத்து உதிர்வது, மூக்கில் இரத்தம் வருவது, கண் எரிவது, தோல் அரிப்பது இவற்றையெல்லாம் "வேலைன்னா அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு போனீர்கள். அவை வேலையின் குணம் அல்ல; நஞ்சின் குணம்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் போனால் அதை முறிக்க மாற்று மருந்து கிடையாது. 2002ஆம் ஆண்டு, பெண் தொழிலாளர்களுக்காகப் பாடுபட்ட தெனாகனித்தா அமைப்பும் பூச்சிமருந்து எதிர்ப்புக் கூட்டமைப்பு ஒன்றும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டில் அரசாங்கம் பாராகுவாட்டை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி முதல் நாளில்தான் தடை முழுமையாக நடப்புக்கு வந்தது. அறிவிப்புக்கும் தடைக்கும் இடையில் 17 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த 17 ஆண்டும் யாரோ ஒருவரின் முதுகில் அந்தப் பம்பு இருந்தது.

இன்று அந்த வேலையைப் பல இடங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் செய்கிறார்கள். ஆள் மாறினாலும் தோல் ஒன்றுதான். ஆகவே இயற்கை உழவு என்பது பணக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பேச்சு மட்டும் அன்று. முதன்முதலில் அது உழைப்பாளியின் பேச்சு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தாய்மார்களே. எந்த மருந்தையும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். மருந்து வந்த கலனைக் கழுவித் தண்ணீர் பிடிக்காதீர்கள். இயற்கை உழவுக்கு நாளை மாறலாம். இந்தப் பழக்கத்தை இன்றே விட வேண்டும்.

மக்கு எரு செய்யும் முறை

சரி, வேலைக்கு வருவோம். மண்ணுக்குச் சோறு சமைப்பது எப்படி?

காய்ந்த பொருள் ஒரு வகை: சருகு, வைக்கோல், காய்ந்த புல், வாழைச் சருகு, கிழித்த அட்டைப் பெட்டி. பச்சைப் பொருள் இன்னொரு வகை: காய்கறித் தோல், பச்சைப் புல், தேயிலைச் சக்கை, மாட்டுச் சாணம், கோழி எரு. காய்ந்தது இரண்டு மூன்று கூடை என்றால் பச்சை ஒரு கூடை. இந்தக் கணக்கில் மாற்றி மாற்றி அடுக்குங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் அளவாவது இருந்தால் குவியலுக்குள் சூடு ஏறும். நன்றாக அமைந்த குவியல் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறும். நோய்க் கிருமியும் களை விதையும் அந்தச் சூட்டில்தான் சாகும். கையை விட்டுப் பார்த்தால் சுடும்.

ஈரம் பிழிந்த துணி போல இருக்க வேண்டும். நம் ஊர் மழைக்கு மேலே ஒரு தகரமோ வாழையிலையோ போட்டு மூடுங்கள். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை, ஈரம் அதிகம் என்று பொருள். சருகு சேர்த்துக் கிளறுங்கள். மீன், இறைச்சி, எண்ணெய்ச் சாப்பாடு போடாதீர்கள், எலி வரும். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண் வாசனை வரும். அப்போது எரு தயார்.

பச்சைச் சாணத்தை அப்படியே கீரைப் பாத்தியில் போடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அதில் வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் கிருமிகள் இருக்கும். அமெரிக்க இயற்கை வேளாண் விதியிலே, மண்ணைத் தொட்டு விளையும் பயிராக இருந்தால் மக்காத சாணம் போட்டு 120 நாள் கழித்தே அறுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். நாட்டு எருவாக இருந்தாலும் முறை முறைதான்.

நம் மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. மழை மிகுந்த நாடாகையால் இங்கே பல இடங்களில் மண் புளிப்பு மிகுந்தது. சுண்ணாம்புத் தூளோ, கொஞ்சம் விறகுச் சாம்பலோ தூவினால் புளிப்புக் குறையும்.

காற்றிலே இருக்கிறது உரம்

மாணவர்களே, நீங்கள் மூச்சு விடும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். இலைகளைப் பச்சையாக வளர்க்கும் தழைச்சத்து இதுவே. ஆனால் செடி அதை நேராக எடுத்துக்கொள்ளத் தெரியாமல் நிற்கிறது. தொழிற்சாலையில் பெரும் அழுத்தமும் சூடும் கொடுத்து அந்த நைட்ரஜனைப் பிடித்துத்தான் யூரியா செய்கிறார்கள். அவரையும் பயறும் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன. நன்கு வளர்ந்த ஒரு பயற்றஞ்செடியை வேரோடு மெல்லத் தோண்டிப் பாருங்கள். வேரிலே சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தாம் காற்றைப் பிடித்து உரமாக்குகின்றன.

அப்பாமார்களுக்கு இது தெரியும். பால்மரக் கன்றுக்கும் செம்பனைக் கன்றுக்கும் இடையிலே தரையை மூடிப் படரும் கொடியை எதற்காக வளர்க்கிறார்கள்? அது அவரை இனம். மண்ணை மூடி, களையை அடக்கி, தழைச்சத்தையும் சேர்க்கிறது. செம்பனையில் வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்குவதும், ஆலையிலிருந்து வரும் வெறும் குலைகளை மரத்தடியில் பரப்புவதும் அதே தத்துவம்தான். மருந்தடித்த அதே தோட்டத்திலேயே இயற்கை உழவின் பாடமும் இருந்திருக்கிறது. நாம் அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

பூச்சிக்கு என்ன செய்வது?

தோட்டத்தில் கம்பத்தின் மேலே மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆந்தைக்கு வைத்த வீடு. வெண்முக ஆந்தை இரவெல்லாம் எலி பிடிக்கிறது, கூலி கேட்பதில்லை. ஆனால் எலி மருந்தைத் தின்ற எலியை ஆந்தை தின்றால் ஆந்தையும் சாகும். மருந்து நம் எதிரியை மட்டும் கொல்வதில்லை, நம் கூட்டாளியையும் கொல்கிறது. செம்பனை இலையைத் தின்னும் பைப்புழுவை அடக்க, சாலையோரத்தில் பூச்செடி நடுகிறார்கள். அந்தப் பூவின் தேனைக் குடிக்க வரும் சின்னஞ்சிறு குளவிகள் புழுவின் மேல் முட்டையிட்டு அதை அழிக்கின்றன.

வீட்டுப் பாத்தியிலும் இப்படியே. ஓரத்தில் செண்டுப்பூ, துளசி நடுங்கள். பொறிவண்டைக் கொல்லாதீர்கள், அது அசுவினியைத் தின்னும். காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துப் புழுவைக் கையால் பொறுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, துளி சவர்க்காரம் கலந்து மாலையில் தெளியுங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். இயற்கையில் கிடைப்பதெல்லாம் சாது அல்ல. புகையிலைக் கஷாயம் தெளிக்கச் சொல்வார்கள்; அதிலுள்ள நிக்கோட்டின் கொடிய நஞ்சு, தோல் வழியாகவே உடம்பில் ஏறும். அதைத் தொட வேண்டாம்.

கடையில் வாங்கும்போது

'ஓர்கானிக்', 'நேச்சுரல்', 'மருந்தில்லாதது' மூன்றும் ஒன்றல்ல. நம் நாட்டில் இதற்கு எம்.எஸ். 1529 என்ற தரவிதி இருக்கிறது. விவசாய இலாகா பண்ணைகளைச் சோதித்து 'மைஓர்கானிக்' என்ற சான்று தருகிறது. அந்த முத்திரையைப் பாருங்கள். வெறும் பச்சை நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இந்த உணவில் சத்து பல மடங்கு என்று சிலர் சொல்வார்கள். 2012இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இருநூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை; மருந்து எச்சம் குறைவு என்று தெரிந்தது. அந்த ஒன்றே போதும் என்பது என் எண்ணம். அதற்காக, வாங்க வசதியில்லாத தாய் பிள்ளைக்குக் காய்கறி கொடுக்காமல் விடக்கூடாது. பாசாரில் வாங்கிய சாவிக் கீரையானாலும் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசிக் கொடுங்கள். காய்கறியே தின்னாத பிள்ளையைவிட, பாசார்க் காய்கறி தின்னும் பிள்ளை நலமாக வளரும்.

ஒரே நாளில் ஆகாது

2021ஆம் ஆண்டு இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியது. உழவர்களிடம் மாற்று எருவும் இல்லை, பயிற்சியும் இல்லை. நெல் விளைச்சலும் தேயிலையும் சரிந்தன. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையை விலக்கினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் நம்மைப் போலவே தோட்டத்தில் வாழும் மலையகத் தமிழர்களும் அடக்கம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. மக்கு எருவிலோ பெரும்பாலும் ஒன்றிரண்டு பங்குதான். ஆகையால் எருவைக் கூடை கூடையாகச் சேர்க்க வேண்டும், மண்ணைப் பல பருவம் தேற்ற வேண்டும். நோக்கம் நல்லது என்பதற்காக மண் அவசரப்படாது.

எனவே பெரிய நிலத்தை நினைத்து மலைக்காதீர்கள். பத்தடிக்கு நாலடிப் பாத்தி போதும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நாலு சட்டி போதும். பாயாமும் காங்கோங்கும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும். சட்டியின் அடித்தட்டில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டிங்கிக் கொசு முட்டையிடும்.

மாணவச் செல்வங்களுக்கு

உங்களுக்கு மூன்று வேலை தருகிறேன். ஒன்று, கண்ணாடிப் போத்தலில் பாதி மண், பாதி தண்ணீர் போட்டுக் குலுக்கி வையுங்கள். மறுநாள் மணல் கீழும், வண்டல் நடுவிலும், களி மேலுமாகப் படிந்திருக்கும். உங்கள் மண்ணின் ஜாதகம் அதுவே. இரண்டு, ஒரே விதையை இரண்டு சட்டியில் போடுங்கள். ஒன்றுக்கு மக்கு எரு, மற்றதற்கு வெறும் மண். வாரந்தோறும் அளந்து எழுதுங்கள். மூன்று, வீட்டிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ உட்கார்ந்து, லயத்து வீட்டுப் பின்புறத்தில் என்னென்ன நட்டார்கள், எப்படி எரு போட்டார்கள், என்ன மருந்து அடித்தார்கள், உடம்பு என்ன ஆயிற்று என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். அந்த அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் அச்சாகவில்லை. அவர்களோடு போய்விட்டால் திரும்ப வராது.

பள்ளி நிர்வாகத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு பரிசளிப்பு விழாவிலே கணிதத்துக்கும் தமிழுக்கும் கொடுப்பது போல, பள்ளித் தோட்டத்தில் நல்ல பாத்தி வளர்த்த வகுப்புக்கும் ஒரு பரிசு கொடுங்கள். அந்தப் பாத்திக் கீரையைச் சிற்றுண்டிச் சாலையில் சமைத்துப் பிள்ளைகளுக்கே பரிமாறுங்கள்.

நம் முன்னோர் இந்த நாட்டுக் காட்டை வெட்டித் தோட்டமாக்கினார்கள். விளைந்ததெல்லாம் பிறர் கணக்கில் ஏறியது. நாம் போடும் இந்தச் சின்னப் பாத்தியில் விளைவது நம் பிள்ளையின் தட்டில் விழும். அதிலே யார் கையும் புண்ணாகாமல், யார் மூச்சும் எரியாமல் விளைந்தது என்ற நிம்மதியும் சேர்ந்து விழட்டும்.